வாகனங்களில் சமையல் வாயு

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியொன்று தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தோர் விதிக்கு மாறாக எடுத்துவந்த வாயு சிலிண்டரே தீக்குக் காரணமென ரயில்வே தெரிவித்தது. ரயிலில் இத்தகைய பொருளைக் கொண்டுசெல்லுதல் தண்டனைக்குரிய குற்றமாகும். எனினும் தடையை அறிவிப்பதோடு நிற்பது போதாது. தடையின் காரணம் சமையற்காரருக்கும் விளங்குதல் வேண்டும்.

பெங்களூரிலிருந்து வாடகைப் பேருந்துகளில் புறப்படும் யாத்திரைக் குழுக்கள் சிலவற்றில் அடுப்பும் சிலிண்டரும் உடன் செல்வதுண்டு. சமையலறையுடன் கூடிய காரவன் வண்டிகளும் இக்காலத்தில் ஓடுகின்றன. ஆதலின் இவ்விஷயம் ரயிலோடு முடிவதன்று.

புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த இவ்வாயு, அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு அடைக்கப்படுகிறது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றினும் கனமானதாதலால் கசிந்த வாயு தரையில் படியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றக்கூடும். கதவடைத்த பெட்டியில் அது இருக்கைகளின் அடியில் தேங்கி நிற்கும். மதுரையில் பெட்டி ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது என்பதை மறத்தலாகாது.

ரெகுலேட்டர் இருக்கிறதென்ற நம்பிக்கையும் முழுக் காப்பாகாது. அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்குவதே அதன் வேலை. ரப்பர் குழாயின் வெடிப்பை அது அடைக்காது. சிலிண்டர் சாய்ந்துவிட்டால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே அதனுள் புகும். அந்நிலையில் அழுத்தம் சீர்ப்படாது. பெங்களூரின் மேட்டுநிலத்திலிருந்து வெப்பம் மிகுந்த சமவெளிக்கு இறங்குகையில் சிலிண்டரின் உள்ளழுத்தமும் உயரும்.

ஆகவே, மக்கள் அமரும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் சிலிண்டர் இருத்தலாகாது என்பதே உறுதியான விதியாக வேண்டும். காரவனில் அதற்கென, அடிப்பாகத்தில் வெளிக்காற்றுக்குத் திறப்புள்ள தனி அறை தேவை. சிலிண்டரை நிமிர்த்திப் பிணைத்தல் வேண்டும். வண்டி ஓடுகையில் வால்வை மூடிவைத்தல் வேண்டும். கசிவைச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டுமேயன்றித் தீக்குச்சியால் அன்று.

சிக்கனமும் உணவு நியமமும் யாத்திரிகர்க்கு இன்றியமையாதன என்பது மெய்யே. அவற்றைப் பேணச் சத்திரங்களில் சமையலிடத்தை முன்னதாகவே ஏற்பாடு செய்யலாம். பள்ளிச் சுற்றுலாவை நடத்தும் ஆசிரியர், வண்டி புறப்படுமுன் சாமான்களைத் தாமே பார்வையிடுதல் நன்று. கள ஊழியர் ஊர்க் கூட்டங்களில் மதுரை நிகழ்ச்சியை எடுத்துரைத்து, வாயு கீழே படியும் இயல்பை விளக்கினால், அடுத்த பிரயாணத்தில் சிலிண்டரை ஏற்றுமுன் சிலரேனும் தயங்குவர்.