எக்காசு வேண்டும்?

பெரும்பொருள் தந்து, ‘விரும்பிய அரிய நாணயமொன்றை வாங்குக’ என ஒருவர் பணிப்பின் எதனைத் தேர்வீர்கள் என்று மாணவரொருவர் எம்மை வினவினார்.

நாணயம் சேர்ப்போர் பலர் 1933ஆம் ஆண்டின் அமெரிக்க 20 டொலர்ப் பொற்காசையே சுட்டுவர். அடிக்கப்பெற்ற 4,45,500 காசுகளுள் ஏறக்குறைய யாவும் புழக்கத்துக்கு வராமலே உருக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒன்று 2021இல் 188 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று.

எம் விருப்பமோ வேறு. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் சேதுக் காசே எமக்கு வேண்டும். சிறிய செப்புக் காசு. ஒருபுறம் மன்னன் உருவம், மறுபுறம் நந்தியும் தமிழெழுத்தில் ‘சேது’ என்னும் சொல்லும். சுவாமி ஞானப்பிரகாசர் இவ்வரசர் காசுகளை 1920இலேயே ஆராய்ந்து எழுதினார்.

செப்புக் காசுக்குப் பெரும்பொருள் எதற்கு எனலாம். விலை ஒன்றையே கருதி வாங்குவோர் பெருகின், பழைய இடங்களைக் களவில் அகழ்வோரும் பெருகுவர். ஆதலின் வந்த வழி தெரிந்த காசையே கொள்ளல் வேண்டும். எஞ்சிய பொருளால் கல்லூரியில் ஒரு காட்சிச்சாலை அமைத்தல் வேண்டும். இரும்புப் பெட்டியில் உறங்கும் காசு வெறும் உலோகமே. மாணவனொருவன் ‘சேது’ என எழுத்துக்கூட்டி வாசிக்கும்போதே அது வரலாறாகின்றது.

பழைய மாணவர்காள்! பாட்டனார் பேணிய பழங்காசு உங்கள் இல்லத்தில் உண்டோ? செம்பென்று எண்ணி உருக்கக் கொடாதீர். முதலில் அதன் எழுத்தை வாசியுங்கள்.