சாவி யாருக்கு?

ஆசைக்கு வாங்கிய காரைப் பிறர் ஓட்டக் கொடுக்கலாமா, கூடாதா என்று கோயம்புத்தூரில் அடிக்கடி ஒரு விவாதம் நடக்கிறது. எனக்கென்னவோ, கேள்வியே கோணலாகப் படுகிறது. கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் எப்படியும் கொடுக்கத்தான் போகிறார்கள். யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

நான் சொல்வது சாதாரணக் கார் அல்ல. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கும் ஸ்போர்ட்ஸ் கார். பம்பு செட்டுத் தொழிலிலோ நூல் வியாபாரத்திலோ இருபது, இருபத்தைந்து வருஷம் உழைத்தவர், தலை நரைத்த பிறகு தமக்கென்று ஒன்று வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவினாசி ரோட்டில் ஒரு சுற்று. எப்போதாவது பொள்ளாச்சி வழியாக ஆழியாறு போய், வால்பாறை மலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆசை தீர ஏறி இறங்குவது. மற்ற நாட்களில் ஷெட்டில் உறை போட்டு மூடி வைத்திருப்பார். அந்த ஆசையை நான் பரிகசிக்க மாட்டேன். உழைத்த மனுஷனுக்கு ஒரு பொம்மை வேண்டாமா?

"இதை மட்டும் யார் கேட்டாலும் தர மாட்டேன்" என்று அவர் சத்தியம் செய்கிறார். அந்தச் சத்தியம் எத்தனை நாள் நிற்கிறது தெரியுமா? அடுத்த முகூர்த்தம் வரைக்கும்!

"ஏனுங்க மாமா, மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தச் சேப்பு வண்டியைக் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்குமுங்க."

"அதுக்கென்னுங்க மாப்பிள்ளை, தாராளமா எடுத்துட்டுப் போங்க."

கேட்டவர் மைத்துனர் மகன். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியும் என்பதற்கு மேல் அவருடைய ஓட்டும் திறமையைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இல்லையென்று சொன்னால் சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆகவே சாவி போகிறது. அதே வீட்டில் மகள் ஒருத்தி இருக்கிறாள். பீளமேட்டுக் கல்லூரியில் மெக்கானிக்கல் இஞ்சினீயரிங் படித்தவள். லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷமாகிறது. தினமும் காந்திபுரத்து நெரிசலில் வேலைக்குக் கார் ஓட்டிப் போய் வருகிறாள். அவள் கேட்டால், "உனக்கெதுக்கு கண்ணு இந்த வம்பு? பவர் ஜாஸ்தி" என்று பதில் வருகிறது. பவர் ஜாஸ்தி என்பது மைத்துனர் மகனுக்கு மட்டும் பொருந்தாது போலும்!

இன்னொருவனையும் சொல்ல வேண்டும். ஒர்க்ஷாப் பையன். அந்தக் காரின் அடியில் படுத்து எழுந்தவன். எந்த வேகத்தில் எந்தச் சத்தம் வந்தால் கோளாறு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வேலை முடிந்ததும் டிரையல் பார்க்கிறேன் என்று ஒர்க்ஷாப் கேட்டிலிருந்து அடுத்த சந்து முனை வரை ஓட்டிப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் ஒரு ஃபர்லாங் போய்விட்டால் முதலாளிக்குப் போன் பறக்கும். காரை நன்றாக அறிந்தவனுக்குச் சந்து முனை; அறியாதவருக்குக் கல்யாண ஊர்வலம். இதைத்தான் நாம் ஜாக்கிரதை என்று அழைக்கிறோம்.

இந்த ஊரிலேயே இதற்கு நேர் எதிராக நடந்துகொண்ட ஒருவர் இருந்தார். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன். சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த நாட்களில் அவர் பெயர் பெற்ற வீரர். வசதிக்குக் குறைவில்லை. தமக்கு மட்டும் ஒரு கார் செய்து, தாமே ஓட்டி, கோப்பைகளை அலமாரியில் அடுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. சாதாரணக் குடும்பங்கள் ஓட்டிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் இஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1988-இல் வந்த அந்த 'ஃபார்முலா மாருதி' கார்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆகவே, காரின் விலையைக் கொண்டு ஜெயிக்க முடியாது. ஓட்டுகிறவன் கையைக் கொண்டுதான் ஜெயிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பிறர் ஓட்டுவதற்கென்றே கார் செய்த மனிதர் அவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தளத்தில் ஒரு கோயம்புத்தூர்ப் பையன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். அந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-இலேயே ஒரு விமான விபத்தில் மறைந்துவிட்டார். செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நரேனும் வசதியான வீட்டுப் பிள்ளைதானே, தகப்பனாரே ராலிப் பந்தய வீரர் அல்லவா என்று கேட்பீர்கள். வாஸ்தவம். அதுதான் என் வயிற்றெரிச்சலும். தகப்பனார் சாவி கொடுத்த வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பி அவ்வளவு தூரம் போனார். சாவி மறுக்கப்பட்ட ஒர்க்ஷாப்களிலிருந்து எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள் என்பதை எந்தக் கணக்குப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறான்?

ஜி. டி. நாயுடுவை மட்டும் பார்ப்போம். 1920-இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார் என்பதை நம் ஊரில் குழந்தைகள்கூடச் சொல்லும். இரண்டாவது பஸ்ஸை யார் ஓட்டியது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரே ஆள் இரண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. நாயுடு தாம் ஓட்டும்வரை அது ஒரு பிழைப்பு. வேறொருவன் கையை நம்பி வண்டியைக் கொடுத்த நாளில்தான் அது கம்பெனியாயிற்று. அவினாசி ரோட்டில் அவர் குடும்பத்தார் 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகத்தில் பழங்கால வண்டிகள் பளபளவென்று நிற்கின்றன. நல்ல காரியம், போய்ப் பாருங்கள். ஆனால் உங்கள் ஷெட்டையும் அப்படி ஆக்க வேண்டுமானால் டிக்கெட்டாவது போடுங்கள்.

"இன்ஷூரன்ஸ் என்னாகிறது?" என்று ஒரு பூச்சாண்டி காட்டுவார்கள். சொந்தக்காருக்கு எடுக்கும் வழக்கமான பாலிஸியில், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டலாம் என்றுதான் இருக்கிறது. மோதினால் 'நோ கிளெய்ம் போனஸ்' போகும். அது நிஜமான நஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு சட்டம் பேசுகிற பெரியவர்களே, பதினேழு வயதுப் பேரன் நச்சரித்தால் "தோட்டத்து ரோட்டுல தானே, ஒரு ரவுண்டு போய்ட்டு வா சாமி" என்று சாவியை எறிகிறார்கள்! 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு நிரம்பாதவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தாலொழிய, வண்டிக்காரருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஒரு வருஷம் ரத்தாகும். சாலையில் எதிரே மொபெட்டில் வருகிறவனுக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகமும் பெண்ணும் பொருளும் பிறர் கைக்குப் போனால் போனதுதான் என்று வடமொழியில் ஒரு வசனம் உண்டு. அந்தப் பட்டியலில் காரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரவல் போகாத புத்தகத்தைக் கரையான்தான் படிக்கும். ஓடாத காரும் அப்படித்தான். பாட்டரி இறங்குகிறது, நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிறது, ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கின்றன, டாங்கியில் பெட்ரோல் கெடுகிறது. எவரும் தொடாமலே அது பாழாகும்.

ஊருக்கெல்லாம் சாவியை வாரி இறைக்கச் சொல்லவில்லை நான். மைத்துனர் மகனுக்கு, ஊர்வலத்துக்கு, பேரனுக்கு, "ஒரு செல்ஃபி எடுத்துட்டுத் தர்றனுங்க" என்று வருகிற நண்பருக்கு, முகத்துக்கு நேராக இல்லையென்று சொல்லுங்கள். இரண்டு நாள் வருத்தம் இருக்கும்; அடுத்த விருந்தில் சரியாகிவிடும். மகளுக்குக் கொடுங்கள். ஒர்க்ஷாப் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, சந்து முனையைத் தாண்டிப் பாலக்காட்டு ரோடு வரைக்கும் ஓட்டச் சொல்லுங்கள்.

கார் செய்தவன் உங்களுக்காகவே பக்கத்தில் இன்னொரு இருக்கையும் வைத்திருக்கிறான். அதில் உட்கார்ந்து ஆழியாறு சோதனைச் சாவடி வரை வாயைத் திறக்காமல் வர முடியுமா, பாருங்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் உங்கள் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதிக்கும், மிதிக்கட்டும். வால்பாறையில் டிபன் சாப்பிட்டுவிட்டு, இறங்கும்போது நீங்கள் ஓட்டலாம், மகள் சம்மதித்தால்.