டீன் ஏஜ் பிள்ளைகளுக்குக் கப்பலில் தனி அறை போடலாமா? பெற்றோர் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு என்.எல்.சி.யில் வேலை. அம்மா பள்ளி ஆசிரியை. மகளுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். மகனுக்கு 13 வயது. வழக்கமாக லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று போய், ஒரே ரூமில் எக்ஸ்ட்ரா பெட் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். இந்த முறை சென்னையிலிருந்து கப்பலில் போகலாம் என்று பேச்சு வந்ததும் மகள் ஒரே ஒரு நிபந்தனை போடுகிறாள்: "எனக்கும் தம்பிக்கும் தனி ரூம் வேணும்."

"நடுக்கடல்ல தனி ரூமா? ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா யாரு வந்து பார்ப்பா?" என்கிறார் அம்மா. "ரெண்டு ரூம்னா எவ்வளவு ஆகும் தெரியுமா?" என்கிறார் அப்பா.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதை வீட்டுக்குள் பேசி மட்டும் முடிவெடுத்துவிட முடியாது. 18 வயது ஆகாதவர்கள் மட்டும் ஒரு கேபினில் இருக்கலாமா என்பதற்குக் கப்பல் நிறுவனங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. அந்த விதி எதற்காக என்று தெரிந்துகொண்டால், மகளின் ஆசையும் அம்மாவின் பயமும் ஒரே ஏற்பாட்டில் அடங்கும் வழி கிடைக்கும்.

இந்தக் கேள்வி இப்போது வருவது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை சொகுசுக் கப்பல் என்றால் சிங்கப்பூர் போய்த்தான் ஏற வேண்டும் என்ற நிலை இருந்தது. 2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் சேவையை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போகத் தொடங்கியது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அதனால் மும்பையை மையமாக வைத்து ஓடும் கப்பல் அந்த மாதங்களில் கிழக்குக் கடற்கரைக்கு வருவது வசதி.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியிலும் இந்தக் கப்பல் பெரும் விவாதமானது. 2022-ல் கப்பலில் சூதாட்ட வசதி இருப்பதாக எதிர்ப்பு கிளம்பியது. புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. பிறகு 2025 ஜூலையில்தான் கப்பல் புதுச்சேரிக் கடலுக்கு வந்து நின்றது. "அந்தக் கப்பலில் பிள்ளைகளைத் தனியாக விடலாமா?" என்று நெய்வேலி அம்மா ஒருவர் தயங்கினால், அந்தச் செய்திகளையும் நினைவில் வைத்துத்தான் தயங்குவார்.

விதி என்ன சொல்கிறது?

பெரும்பாலான பெரிய நிறுவனங்களின் அடிப்படை விதி ஒன்றுதான்: ஒவ்வொரு கேபினிலும் பொறுப்பேற்கும் வயதுடைய ஒருவர் இருக்க வேண்டும். எந்த வயது என்பதுதான் மாறும். ராயல் கரீபியன் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், வட அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் அந்த வயது 21. சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசியத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும்போது 18. அமெரிக்காவில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும் என்பதோடு அங்குள்ள விதி ஒத்துப்போகிறது.

பெற்றோருடன் வரும் பிள்ளைகளுக்கு இதில் விலக்கு உண்டு. பெற்றோரின் கேபின் பக்கத்திலேயே இருந்தால், பிள்ளைகளுக்கு வேறு கேபின் தர பல நிறுவனங்கள் சம்மதிக்கின்றன. 'பக்கத்தில்' என்பதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் அர்த்தம் மாறும். சிலர் உள்கதவால் இணைந்த கேபின்தான் வேண்டும் என்பார்கள். சிலர் அடுத்த கேபின் அல்லது நேர் எதிர்க் கேபின் போதும் என்பார்கள். எனவே பணம் கட்டும் முன்பே, பிள்ளைகளின் வயதைச் சொல்லி, எந்தக் கேபின்களுக்கு அனுமதி உண்டு என்பதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்று சொல்வது துறைமுக கவுன்ட்டரில் செல்லாது.

சட்டக் கோணம் என்ன?

1875-ம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிறைந்தவரே மேஜர். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்ய முடியாது. கப்பல் டிக்கெட் என்பது பயணிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். கேபினில் ஏதாவது சேதமானாலும், சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்க வேண்டியிருந்தாலும், கையெழுத்துப் போட ஒரு பெரியவர் வேண்டும். 16 வயதுப் பெண்ணும் 13 வயதுப் பையனும் மட்டும் இருக்கும் கேபினில் அப்படி யாரும் இல்லை. பெற்றோரின் கேபின் அருகிலேயே இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'பேப்பரில் மட்டும் மாற்றிப் போடலாம்' என்பது சரியா?

பல ஏஜென்ட்டுகள் சொல்லித் தரும் வழி ஒன்று உண்டு. "ஒரு ரூம்ல அப்பாவும் பையனும், இன்னொரு ரூம்ல அம்மாவும் பொண்ணும்னு புக் பண்ணிடுங்க. ஏறின பிறகு உங்க இஷ்டம்போல மாத்திக்கலாம்." உலகம் முழுக்கப் பல குடும்பங்கள் இப்படிச் செய்கின்றன. சில கப்பல்களில் வரவேற்பு கவுன்ட்டரில் கேட்டால் அடுத்த கேபினுக்கும் கூடுதல் சாவி கொடுக்கிறார்கள்.

சிக்கல் அவசர நேரத்தில்தான். கப்பலில் ஆபத்து என்றால் எல்லோரும் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு 'மஸ்டர் ஸ்டேஷன்' என்று பெயர். பொதுவாக இது கேபினை வைத்தே ஒதுக்கப்படுகிறது. அங்கே பெயர் சரிபார்த்து, ஆள் கணக்கு எடுத்து, உயிர்காக்கும் படகில் ஏற்றுவார்கள். நெய்வேலிக்காரர்களுக்கு இது புதிதல்ல. சுரங்கத்தில் ஷிப்ட் தொடங்கும்போது யார் எங்கே வேலை பார்க்கிறார் என்று பதிவேட்டில் ஏறுவதும் இதே காரணத்துக்காகத்தான். பதிவில் ஒரு இடம், ஆள் வேறு இடம் என்றால் தேடுபவர்கள் தவறான கதவைத் தட்டுவார்கள்.

2012 ஜனவரி 13-ம் தேதி இத்தாலியின் ஜிக்லியோ தீவு அருகே 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,200-க்கும் மேற்பட்டோர் இருந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியதும் உடனடியாகவோ இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி திருத்தப்பட்டது. 2015 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே கேபின் மாற்றிக்கொள்வதாக இருந்தால் ஏறியவுடன் கவுன்ட்டரில் சொல்லிவிட வேண்டும். நான்கு பேருக்கும் ஒரே மஸ்டர் ஸ்டேஷன் வருகிறதா என்று அட்டையைப் பார்க்க வேண்டும். வேறு வேறு வந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அடுத்தடுத்த கேபின்களாக இருந்தால் பெரும்பாலும் இந்தத் தலைவலியே வராது. சின்னக் குழந்தைகளுக்குப் பல கப்பல்களில் மஸ்டர் எண் போட்ட கைப்பட்டை கட்டுவார்கள். டீன் ஏஜ் பிள்ளைகளுக்குக் கட்டுவதில்லை. எந்தப் படிக்கட்டில் போக வேண்டும் என்று அவர்களை ஒருமுறை நடத்திக் காட்டிவிடுவது பெற்றோரின் வேலை.

செலவு எவ்வளவு கூடும்?

கப்பல் கட்டணம் ஓட்டல் வாடகை மாதிரி அறைக்கு இவ்வளவு என்று இருக்காது. ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒரு கேபினில் முதல் இருவருக்கு முழுக் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவு. கணக்குக்காக முழுக் கட்டணம் 100 ரூபாய், மூன்றாவது, நான்காவது ஆளுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நால்வரும் ஒரே கேபினில் போக 320 ரூபாய். இரண்டு கேபின் என்றால் நால்வருமே 'முதல் இருவர்' ஆகிவிடுவார்கள், 400 ரூபாய். அதாவது கால் பங்கு கூடுதல். 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்று வரும் சலுகைகளும் பெரும்பாலும் பெற்றோர் கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாக வரும் பிள்ளைகளுக்குத்தான். தனி கேபின் போட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? நான்கு பேர் கேபினில் இரண்டு படுக்கை சுவரிலிருந்து இறங்கும், அல்லது சோபாவையே படுக்கையாக விரிப்பார்கள். காலையில் நாலு பேருக்கும் ஒரே பாத்ரூம். இரண்டு கேபின் எடுத்தால் இடமும் இன்னொரு பாத்ரூமும் கிடைக்கும். செலவைக் குறைக்க, பெற்றோருக்கு பால்கனி கேபின், எதிரே பிள்ளைகளுக்கு ஜன்னல் இல்லாத உள்கேபின் என்று எடுப்பவர்கள் உண்டு. பால்கனிக் கதவுள்ள கேபினில் பிள்ளைகளைத் தனியே விட வேண்டியதில்லை என்பதால் பாதுகாப்புக்கும் இது நல்லது.

எல்.டி.சி.யில் சேருமா?

என்.எல்.சி. குடும்பங்களில் கட்டாயம் வரும் கேள்வி இது. வருமான வரியில் எல்.டி.சி. விலக்கு இந்தியாவுக்குள் செய்யும் பயணத்தின் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான். தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு சேராது. கப்பல் பேக்கேஜில் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். இலங்கை போகும் பயணம் என்றால் நிலைமை இன்னும் தெளிவு. வழியில் வெளிநாட்டைச் சேர்த்துக்கொண்ட எல்.டி.சி. பயணத்துக்கு வரிவிலக்கு கிடையாது என்று 2022 நவம்பர் 4-ம் தேதி பாரத ஸ்டேட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே இல்லை. ஆக, இரண்டாவது கேபின் செலவைக் கைக்காசு என்று நினைத்தே திட்டமிடுவது நல்லது.

அப்படியானால் எது சரியான ஏற்பாடு?

நால்வர் குடும்பத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: அம்மாவும் மகளும் ஒரு கேபின், அப்பாவும் மகனும் ஒரு கேபின். விதிச் சிக்கல் எதுவும் இல்லை. அக்காவும் தம்பியும் ஒரே அறையில் இருப்பதில் சங்கடப்படும் குடும்பங்களுக்கும் இது ஒத்துவரும்.

இரண்டாவது வழி: உள்கதவால் இணைந்த இரண்டு கேபின்கள். மகள் கேட்ட தனி இடமும் கிடைக்கும், அம்மா கேட்ட கூப்பிடு தூரமும் கிடைக்கும். ஆனால் இந்தக் கேபின்கள் ஒரு கப்பலில் குறைவாகவே இருக்கும். சீக்கிரமே புக் செய்ய வேண்டும்.

மூன்றாவது வழி நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு ரொம்பப் பொருந்தும்: தாத்தா பாட்டியையும் கூட்டிப்போவது. பேத்தியும் பாட்டியும் ஒரு கேபின், பேரனும் தாத்தாவும் ஒரு கேபின். ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் இருப்பார். கேபினும் செலவும் கூடும்தான். ஆனால் அப்பா அம்மாவுக்கும் தனி கேபின் கிடைத்துவிடும்.

ஒற்றைப் பெற்றோராக இரண்டு பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரண்டாவது கேபினில் போட இன்னொரு பெரியவர் பெயர் இல்லாததால், இணைந்த கேபின் கிடைக்காவிட்டால் மூவருக்கான ஒரே கேபின்தான் பாதுகாப்பான தேர்வு.

வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டியவை

கரையை விட்டு விலகியதும் செல்போன் சிக்னல் போய்விடும். கப்பலின் செல்போன் நெட்வொர்க்கில் போன் தானாக இணைந்தால் பில் எகிறும். அதனால் பிள்ளைகளின் போனை ஏறும்போதே ஃபிளைட் மோடில் போடச் சொல்ல வேண்டும். "போன் பண்ணிக் கேட்டுக்கலாம்" என்று கப்பலில் இருக்க முடியாது. கேபினில் இருக்கும் இன்டர்காமும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் சந்திப்பதும்தான் வழி.

கப்பலில் பணம் கொடுத்து வாங்குவதில்லை. கேபின் அட்டையைத் தேய்த்தால் கணக்கில் ஏறும். பிள்ளைகளின் அட்டைக்கு வரம்பு வைக்கவோ முடக்கவோ கவுன்ட்டரில் சொல்லலாம். ராத்திரி எத்தனை மணிக்குள் கேபினுக்கு வர வேண்டும், யார் கதவைத் தட்டினாலும் முதலில் கதவுத் துளையில் பார்ப்பது, கேபின் எண்ணைப் புதிதாகப் பழகியவர்களிடம் சொல்லாமல் இருப்பது, பிறருடைய கேபினுக்குப் போகாமல் இருப்பது ஆகியவற்றை நெய்வேலியிலிருந்து வண்டி கிளம்பும் முன்பே பேசிவிடுவது நல்லது.

16 வயதில் தனி அறை கேட்பது தவறில்லை. இரண்டு வருடத்தில் கல்லூரி, ஹாஸ்டல் என்று போகப்போகிற பெண்தான். பெற்றோர் பக்கத்து அறையில் இருக்கும்போதே அந்தப் பொறுப்பைப் பழகிக்கொள்ள இது ஒரு வாய்ப்பு. ஆனால் அந்த அறை பெற்றோர் அறைக்கு அருகில் இருக்க வேண்டும். அதில் யார் தூங்குகிறார்கள் என்பது கப்பலின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உறுதி கிடைத்த பிறகு பணத்தைக் கட்டலாம்.