யாருக்கு இலவசம்?

இந்நாட்டில் வைத்தியம் இலவசமென்று மார்தட்டுகின்றனர். திரியாய் விவசாயிக்கும் இலவசமா?

முடக்குவாதம் விரல் மூட்டுகளை அரித்துவிட்டால், கதிர் அறுக்கும் கை மீண்டும் நிமிராது. தொடக்கத்திலேயே மெதோட்ரெக்சேட் மருந்தைக் கிழமைக்கொரு முறை உட்கொண்டால் மூட்டுகளைப் பெரிதும் காக்கலாம். ஆனால், அம்மருந்து ஈரலைத் தாக்குகிறதா என்று இரத்தத்தை அடிக்கடி பரிசோதித்தாக வேண்டும். திருகோணமலைப் பட்டினமோ நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால்! ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் உழைப்பை விழுங்குகிறது. உழைப்பை இழக்க அஞ்சுபவன் மருந்தை நிறுத்துகிறான். மருந்தை நிறுத்தியவன் கையையே இழக்கிறான். இதுவா சமத்துவம்?

மக்கள் வாழும், உழைக்கும் இடத்துக்கு அருகே வைத்தியம் வரவேண்டுமென 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் பிரகடனம் செய்தன. தமிழ் வைத்தியர்களே, குரல் கொடுங்கள்! இரத்த மாதிரி பட்டினம் போகட்டும். விவசாயி வயலில் நிற்கட்டும். நாம் கேட்பது சலுகையன்று, உரிமை!