ஆறிப்போன ராமென்

ராமென் என்பது ஜப்பானில் உழைப்பாளிகளின் சாப்பாடு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தென்சென்னையில் ஒரு கடையில் கிண்ணம் 780 ரூபாய்க்கு நாங்கள் சாப்பிட்டதைப் பற்றி நான் ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்று உங்களுக்குப் புரியாது.

சீனர்கள் வழியாக ஜப்பானுக்குப் போன கோதுமை நூடுல்ஸ்தான் இது. 1910-ல் டோக்கியோவின் அசகுசாவில் தொடங்கிய ராய்ராய்கென் என்ற கடை இதைப் பிரபலமாக்கியது. உலகப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கிய நாட்களில், தள்ளுவண்டிகளில் பரவியது. 1989-ல் கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு நகோயா அனுப்பியபோது, ஷிப்டு முடிந்த தொழிலாளிகளோடு நானும் இதைச் சாப்பிட்டிருக்கிறேன். வாசலில் துணி தொங்கும் சின்னக் கடை, எட்டு ஸ்டூல். கிண்ணம் வந்ததும் யாரும் பேச மாட்டார்கள். சர்ரென்று உறிஞ்சிவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். நம் கையேந்திபவன்தான், உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைத் தவிர.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. மாவில் ஒரு காரநீர் சேர்க்கிறார்கள். நம் அப்பளக்காரம் எந்த வகையோ, அதே வகை. நூடுல்ஸுக்கு அந்த மஞ்சள் நிறமும் இழுவையும் அதனால்தான் வருகின்றன. ஆனால் கொதிக்கும் சூப்பில் ஐந்தாறு நிமிடம் கிடந்தாலே ஊறிக் குழைந்துவிடும்.

நாங்கள் நான்கு பேர். என் கிண்ணம் முதலில் வந்தது. கடைசிக் கிண்ணம், மருமகளுடையது, வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. குடும்பமாக உட்கார்ந்தால் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்போம் அல்லவா? நான் கரண்டியை எடுத்தபோது சூப்பில் ஆவியே இல்லை. நூடுல்ஸ் முந்தாநாள் சேமியா உப்புமா பதத்தில் இருந்தது. உள்ளே இளகியிருக்க வேண்டிய முட்டை, கரு ஓரம் பச்சை பூக்கும் அளவுக்கு வெந்திருந்தது. எல்லாவற்றையும் மறைக்க மேலே மிளகாய் எண்ணெய்.

நம் நாக்குக்காக மாற்றியதில் எனக்கு வருத்தமே இல்லை. ராமெனே மாறி மாறி வந்ததுதான். சப்போரோக்காரன் மிசோ போட்டான், ஹகாட்டாக்காரன் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டான். நாளைக்கே நம்மவர் ஒருவர் ஆட்டுக்கால் சூப்பில் போட்டுத் தந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஆனால் எந்த ஊர் சூப்பாக இருந்தாலும் சூடாக இருக்க வேண்டாமா?

இதைவிட என்னை உறுத்தியது வேறு. என் மனைவி சைவம். 'வெஜ் ராமென்' என்று போட்டிருந்ததைக் கேட்டாள். ஜப்பானிய சூப்புகள் பலவற்றுக்கு அடிப்படை கட்சுவோபுஷி, அதாவது காய்ந்த சூரை மீன் சீவல். தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கு மாசி என்றால் உடனே புரியும், இது அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். "சூப்பில் மீன் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். "வெஜ்தான் சார்" என்றான். "உள்ளே கேட்டுச் சொல்" என்றேன். போனவன் திரும்பி வந்து, "மீன் துண்டு எதுவும் போடலை சார்" என்றான். அவள் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் பச்சைத் தேநீர் மட்டும் குடித்தாள். வாழ்நாள் முழுக்க ஒரு பழக்கத்தைக் காப்பாற்றி வந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குச் சொல்லித்தராத முதலாளியைத்தான் சொல்வேன்.

கடைசியில் பில். நான்கு கிண்ணத்துக்கு 3,120 ரூபாய், அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று 312 ரூபாய், பிறகு ஜிஎஸ்டி. இதைப் படிக்கும் நண்பர்கள் நினைவில் வையுங்கள்: சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மேனேஜரைக் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். மருமகளுக்குத்தான் கொஞ்சம் சங்கடம், போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். அந்தப் பையன் கையில் தனியாக நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.