இதய மருந்தும் சிவப்பு மச்சமும்

தற்செயலாகக் கிடைத்த சிகிச்சை. பயன்படுத்திக்கொள்ளும் காலமோ குறைவு

பிரான்சின் போர்தோ நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு கைக்குழந்தை. மூக்கின் மேல் செக்கச்செவேலென்று ரத்தக்குழாய்க் கட்டி. ஸ்டீராய்டு கொடுத்ததில் கட்டியின் வளர்ச்சி நின்றது. ஆனால் குழந்தையின் இதயத் தசை தடித்து, ரத்த ஓட்டத்துக்குத் தடையானது. இதயத்தைச் சமாளிக்க புரொப்ரனலால் என்ற பழைய மருந்தை ஆரம்பித்தார்கள். மறுநாளே கட்டியின் சிவப்பு ஊதாவாக மாறியிருந்தது. தொட்டால் மெத்தென்று இருந்தது. ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும் அது மீண்டும் வளரவில்லை. குழந்தைக்கு 14 மாதம் ஆனபோது கட்டி முற்றிலும் தட்டையாகிவிட்டது.

இரண்டாவது குழந்தைக்கு முகத்தின் வலது மேல்பகுதி முழுக்கக் கட்டி. கண்ணைத் திறக்க முடியாத நிலை. அதே மருந்து கொடுத்த ஏழாவது நாள் கண் தானாகத் திறந்தது. பெற்றோரின் சம்மதத்துடன் மேலும் ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு, தோல் நோய் நிபுணர் கிறிஸ்டீன் லியோதே-லாப்ரேஸும் சகாக்களும் 2008 ஜூனில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழுக்கு ஒரு கடிதமாக இதை எழுதினார்கள். அந்தச் சின்னக் கடிதம் உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றிவிட்டது.

'ஹெமாஞ்சியோமா' எனப்படும் இந்தக் கட்டி, நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் அதிகம். பிறக்கும்போது பெரும்பாலும் வெளிறிய திட்டாகவோ சின்னச் சிவப்புப் புள்ளியாகவோ இருக்கும். சில வாரங்களில் கிடுகிடுவென வளரும். பிறகு நின்று, வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும். "தானாக மறைந்துவிடும், விடுங்கள்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். நெடுங்காலம் டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள்.

பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் அது சரிதான். ஆனால் கட்டி இமையில் இருந்தால் பார்வை பாதிக்கப்படலாம். குரல்வளையில் இருந்தால் மூச்சு அடைக்கும். உதட்டிலும் அரையாப்பு இடத்திலும் புண்ணாகி வலிக்கும். மூக்கு நுனியில் வந்தால், கட்டி மறைந்தாலும் மூக்கின் வடிவம் கெடக்கூடும். முன்பு இத்தகைய குழந்தைகளுக்கு இருந்த வழிகள் ஸ்டீராய்டு, இன்டர்ஃபெரான், புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டின், அல்லது கத்தி. ஸ்டீராய்டால் முகம் உப்பும், வளர்ச்சி குன்றும். இன்டர்ஃபெரானால் சில குழந்தைகளுக்குக் கால்கள் விறைத்துப்போனதும் உண்டு.

புரொப்ரனலாலை 1960களில் உருவாக்கியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக். 1988-ல் நோபல் பரிசு பெற்றவர். மார்வலிக்காகப் பிறந்த மருந்து அது. கட்டியில் உள்ள ரத்தக்குழாய்களை அது சுருக்குகிறது. புதிய குழாய்கள் முளைப்பதற்கான தூண்டுதலையும் குறைக்கிறது. 460 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2015-ல் வெளியானது. கிலோவுக்கு தினம் 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் இது வெறும் 4 சதவீதம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2014-லேயே அனுமதி தந்துவிட்டன.

இந்தியாவில் புரொப்ரனலால் மாத்திரை சல்லிசான விலையில் கிடைக்கிறது. ஆபத்தும் அங்கேதான். தாத்தாவின் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் விஷயமல்ல இது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கலாம், இளைப்பு வரலாம். எல்லாவற்றையும்விட, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று குறைந்துவிடலாம். அதனால் பால் குடிக்கும்போதோ குடித்த உடனேயோதான் மருந்து தர வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால், சரியாகப் பால் குடிக்காவிட்டால், அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும். மேலோட்டமான சின்னக் கட்டிகளுக்கு, கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தையே மேலே தடவச் சொல்கிறார்கள்.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. பிறக்கும்போதே தட்டையாகப் பரவியிருக்கும் 'போர்ட் ஒயின்' மச்சம் தானாக மறையாது. இந்த மருந்துக்கும் அசையாது. அதற்கு லேசர்தான். எது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல அனுபவமுள்ள கண் வேண்டும்.

இந்தக் கட்டிகள் வேகமாக வளர்வது ஐந்து முதல் ஏழு வாரங்களுக்குள். தடுப்பூசிக்காக ஒன்றரை மாதத்தில் குழந்தையைத் தூக்கிப்போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால், அதற்குள் பாதி வளர்ந்திருக்கும். முகத்தில், குறிப்பாகக் கண், மூக்கு, உதட்டுப் பக்கம், சிவப்புப் புள்ளி தென்பட்டால் முதல் மாதத்துக்குள் காட்டிவிடுவது நல்லது. "சிகிச்சை தேவையில்லை, தானாகப் போய்விடும்" என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாக வீடு திரும்பலாம்.