இணையத்தின் கணக்குப்பிள்ளை!

போனில் ஒரு வெப்சைட்டின் பெயரைத் தட்டினால், அடுத்த நொடி பக்கம் திறக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் எண் முகவரி இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் திணறிப்போவார் இல்லையா? இணையத்தில் அந்தக் குழப்பம் வராமல் சுமார் 30 வருடங்கள் கணக்கு வைத்திருந்தவர், ஜான் போஸ்டல்.

1943-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். நீண்ட தாடி, காலில் சாதாரண செருப்பு. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1969-ல் தொடங்கியபோது, யு.சி.எல்.ஏ பல்கலைக்கழகத்தில் மாணவர். எண்களை ஒதுக்க ஒரு 'ராஜா' வேண்டும் என்று 1972-ல் ஒரு குறிப்பு எழுதினார். பக்கத்திலேயே, 'நானா?' என்று கேள்விக்குறியும் போட்டார். கடைசியில் அவர்தான் அந்த ராஜா!

இணையத்தின் விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி ஆவணங்களுக்கும் அவரே எடிட்டர். மெயில் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்ற விதியை 1982-ல் எழுதியவரும் அவர்தான். அதன் வழிவந்த விதிப்படிதான் இன்றும் நம் மெயில்கள் பயணிக்கின்றன. நாடுகளுக்கான '.இன்', '.யுகே' போன்ற முடிவுகளை ஒப்படைத்ததும் அவரது பொறுப்பு. எது நாடு, எது நாடில்லை என்ற வம்பில் அவர் தலையிடவில்லை. ஏற்கெனவே இருந்த சர்வதேசப் பட்டியலை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்.

1998 ஜனவரியில்தான் பரபரப்பு. இணையத்தின் பெயர்ப்பட்டியலை வைத்திருக்கும் 13 மூல சர்வர்களில் எட்டை நடத்தியவர்களுக்கு மெயில் அனுப்பினார். 'இனி பட்டியலை என்னிடமிருந்து எடுங்கள்' என்பதுதான் சாரம். எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள். வெள்ளை மாளிகை அதிர்ந்தது. 'இது வெறும் சோதனை' என்று சொல்லி, பழையபடியே மாற்றிவிட்டார் போஸ்டல். பயன்படுத்தியவர்கள் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அவர் நல்லவர். அதனால் நம்பினார்கள். ஆனால், உலகமே சார்ந்திருக்கும் ஒரு விஷயம் ஒரு மனிதரின் நல்ல குணத்தை மட்டுமே நம்பி இருக்கலாமா? போஸ்டலுக்கும் அது புரிந்திருந்தது. பொறுப்பை ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்க அவரே பாடுபட்டார். 1998 செப்டம்பர் 30-ல் 'ஐகான்' பதிவானது. பதினாறாம் நாள், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் இறந்தார். வயது 55.

ராஜாவாக இருந்தவர், சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.